அம்பை எடுத்த பிறகு

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் காப்பியங்களின் அறக்கருத்துகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் சித்தார்த்தனும் அன்னமும் பற்றிய கதையைச் சொன்னேன். தேவதத்தன் எய்த அம்பு தைத்து வீழ்ந்த அன்னத்தைச் சித்தார்த்தன் எடுத்துக் காக்கிறான். பறவை யாருக்கு உரியது என்ற வழக்கு சபைக்குப் போகிறது. கொல்ல முயன்றவனுக்கு அன்று, காத்தவனுக்கே உரியது என்று தீர்ப்பாகிறது. பள்ளிப்பாடம் வழியே நாம் எல்லோரும் அறிந்த கதைதான். வழக்கம்போல் தீர்ப்பின் நயத்தை விளக்கிவிட்டு அடுத்த செய்திக்கு நகர முற்பட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "ஐயா, அம்பை எடுத்த பிறகு அந்த அன்னத்துக்குச் சாப்பிட என்ன குடுத்தாங்க?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவன் சிரிக்கவில்லை. அவனுடைய குடும்பம் அறுவடை முடிந்த வயல்களில் ஊர் ஊராக வாத்து மேய்க்கும் குடும்பம் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அவனுக்கு அது வேடிக்கைக் கேள்வியன்று, நடைமுறைக் கேள்வி. அடிபட்ட வாத்து தானாக இரை எடுக்காது என்பதை அவன் கண்டிருக்கிறான். பக்கத்தில் தண்ணீர் இல்லாமல் உலர்ந்த தீனி வைத்தால் அதற்கு விழுங்க முடியாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். பறவைக்கு இரங்கியோர் பற்றிய நம் கதைகள் எல்லாமே ஒரு குறிப்பிட்ட கணத்தில் முடிந்துவிடுகின்றன. சிபி துலாக்கோலில் ஏறியதும் கதை முடிகிறது. பேகன் மயிலின் மேல் போர்வையைப் போர்த்தியதும் கதை முடிகிறது. போர்வையை அந்த மயில் என்ன செய்தது என்று எவரும் கேட்பதில்லை. ஆராயாமல் வழங்கும் இயல்புக்கு நம் முன்னோர் 'கொடைமடம்' என்று பெயரிட்டனர். அதில் மடம் என்பது அறியாமை. அதையும் ஒரு பெருமையாகவே கொண்டாடினர். இரக்கத்தின் முதற்கணத்தைக் கவிஞர்கள் பாடிவிட்டார்கள். அதற்கு அடுத்து வரும் நாள்கள், அதாவது ஊட்டுதல், கழுவுதல், புண்ணுக்கு மருந்திடுதல், இரவில் எழுந்து பார்த்தல் ஆகியவை பாடப்படாமலே போயின.

அந்தப் பாடப்படாத பகுதிக்கு அண்மைக்காலத்தில் ஒரு வரலாறு உண்டு. எண்ணெய் படிந்த கடல்வாத்துகளையும் முக்குளிப்பான்களையும் பிழைக்க வைக்க மனிதர்கள் கற்றுக்கொண்ட வரலாறு அது. கொடைமடத்தில் தொடங்கி அறிவை நோக்கி நகர்ந்த அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

*

1971 ஜனவரி 18. விடிவதற்கு இன்னும் பல மணி நேரம் இருந்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் வாயிலில், கோல்டன் கேட் பாலத்தின் அருகே கடும் மூடுபனி. அரிசோனா ஸ்டாண்டர்ட், ஒரேகான் ஸ்டாண்டர்ட் என்னும் இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் மோதிக்கொண்டன. இரண்டும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை. ஏறத்தாழ 8 லட்சம் கேலன் கனத்த எரிஎண்ணெய் கடலில் கொட்டியது.

பொழுது விடிந்தபோது கரையெங்கும் கருப்பு. அந்தக் கருப்புக்குள் அசையும் சிறு சிறு உருவங்கள். குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வந்திருந்த ஸ்கோட்டர் என்னும் கடல்வாத்துகளும், மேற்கத்திய முக்குளிப்பான்களும் அவற்றுள் மிகுதி. அதன் பிறகு நடந்தது அந்நகரத்தின் வரலாற்றில் மறக்கமுடியாத ஒன்று. நீண்ட முடி வளர்த்த இளைஞர்கள், இல்லத்தரசிகள், மாணவர்கள், அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னவர்கள் என ஆயிரக்கணக்கானோர் அழைப்பின்றியே கடற்கரைக்கு வந்தனர். வைக்கோலைப் பரப்பி எண்ணெயை ஒற்றி எடுத்தனர். பறவைகளைத் துணியில் சுற்றித் தூக்கி வந்தனர்.

சுமார் 7,000 பறவைகள் எண்ணெயில் சிக்கின. அவற்றுள் ஏறத்தாழ 4,300 பறவைகள் அவசரமாக அமைக்கப்பட்ட நிலையங்களுக்குக் கொண்டுவரப்பட்டன. இறுதியில் உடல்நலம் தேறிக் கடலுக்குத் திரும்பியவை ஏறத்தாழ 300.

இந்த எண்ணிக்கையில் நாம் சற்று நிற்க வேண்டும். நூற்றுக்கு ஏழு. அந்த மனிதர்களிடம் அன்பு குறைவாக இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. அவர்கள் தூங்கவில்லை. கைகள் வெடிக்கும்வரை கழுவினார்கள். ஆனாலும் பறவைகள் அவர்கள் மடியிலேயே இறந்தன.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பா இதே பாடத்தைப் படித்திருந்தது. 1967 மார்ச் 18 அன்று டோரி கேன்யன் என்னும் கப்பல், இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பால் பாறையில் மோதியது. அப்போது மீட்கப்பட்ட கடற்பறவைகள் ஏறத்தாழ 8,000. பிழைத்தவை சில நூறு. அவற்றைக் கழுவிய நல்லவர்களும் கண்ணீர் விட்டார்கள். கண்ணீர் ஒரு மருந்தாக இருந்திருந்தால் அத்தனையும் பிழைத்திருக்கும்.

*

அவை ஏன் இறந்தன?

இதைப் புரிந்துகொள்ள ஒரு வாத்தின் இறகைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நடுத்தண்டிலிருந்து இருபுறமும் கிளைகள் பிரிகின்றன. ஒவ்வொரு கிளையிலிருந்தும் நுண்கிளைகள். அந்த நுண்கிளைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். கொக்கியோடு கொக்கி மாட்டிக்கொண்டு நெருக்கமாக நெய்த துணியைப்போல் ஆகிவிடுகிறது. நீர் உள்ளே புகமுடியாது. அதற்கடியில் மென்தூவி காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருக்கிறது. உறையும் நீரின்மேல் மிதக்கும் வாத்தின் உடல் 40 பாகை செல்சியஸுக்கும் சற்று மேலான வெப்பத்தோடு இருப்பது இந்த நெசவினால்தான். எண்ணெய் பட்டதும் நெசவு குலைகிறது. இறகுகள் திரிதிரியாக ஒட்டிக்கொள்கின்றன. ஓர் உள்ளங்கை அளவு இடம் திறந்துவிட்டாலும் குளிர்நீர் தோலைத் தொடுகிறது. வெப்பத்தை ஈடுசெய்ய வாத்து கூடுதலாகத் தின்ன வேண்டும். ஆனால் நனைந்து கனத்த உடலோடு அதனால் மூழ்கி இரை தேட இயலாது. எனவே பசி. பசியோடு கரையேறி அது செய்யும் ஒரே காரியம், இயல்புணர்ச்சியால் இறகைக் கோதுவது. கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகிறது. குடல் புண்ணாகிறது. சிறுநீரகம் கெடுகிறது. இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதைந்து சோகை பிடிக்கிறது.

ஆக, மனிதக் கைக்கு வந்து சேரும்போதே அது குளிரிலும் பட்டினியிலும் நஞ்சிலும் பாதி இறந்த உயிர். மீட்டவர்கள் செய்த முதல் வேலை என்ன? உடனே கழுவியதுதான். அழுக்கைக் கண்டால் கழுவத் தோன்றுவது மனித இயல்பு. அந்தக் கழுவலின் அதிர்ச்சியையே பல பறவைகள் தாங்கவில்லை. எதனால் கழுவுவது என்பதும் தெரியவில்லை. கனிம எண்ணெய், மாவு, கரைப்பான்கள் என ஒவ்வொன்றாக முயன்றார்கள்.

அடுத்த பிழை நுட்பமானது. வாத்தின் வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அதன் எண்ணெயை அலகால் எடுத்து இறகில் பூசிக்கொள்வதால்தான் வாத்து நனைவதில்லை என்று நம்பினார்கள். கழுவினால் அந்த இயற்கை எண்ணெய் போய்விடும், அது மீண்டும் ஊற மாதக்கணக்காகும், அதுவரை பறவையை அடைத்தே வைத்திருக்க வேண்டும் என்று கருதினார்கள். அந்த மாதங்கள் பறவைகளைக் கொன்றன. நீரில் வாழப் படைக்கப்பட்ட முக்குளிப்பானுக்குக் கால்கள் உடலின் பின்கோடியில் இருக்கின்றன. தரையில் அதனால் ஒழுங்காக நிற்க முடியாது. கெட்டித் தரையில் கிடத்தினால் தன் எடையாலேயே நெஞ்செலும்பின்மேல் புண் உண்டாகும். ஈரமான அடைப்பில் பூஞ்சை வளர்ந்து நுரையீரலைப் பிடிக்கும்.

சுரப்பி எண்ணெய் இறகின் நலத்துக்குத் தேவைதான். ஆனால் நீரைத் தடுப்பதில் முதன்மை இறகின் நெசவுக்கே. கழுவிய பின்னும் பறவை நனைந்தது, இறகில் சோப்பு எஞ்சியிருந்ததால். சோப்பின் கடைசித் துளியும் போகும்வரை அலசினால், பறவை தன் அலகால் இறகைக் கோதிச் சீர்செய்து, மாதங்களில் அன்று, சில நாள்களிலேயே நனையாத நிலையை அடையும். இந்த ஒரே உண்மையைக் கண்டடைய எத்தனை உயிர்கள் செலவாயின!

*

1971இன் கடற்கரைக் கூட்டம் கலைந்த பிறகும் சிலர் கலையவில்லை. அவர்களுள் ஒருவர் ஆலிஸ் பெர்க்னர். அவர் ஒரு செவிலியர். அதே ஆண்டு ஏப்ரலில் பெர்க்லி நகரில் பன்னாட்டுப் பறவை மீட்பு மையம் அவருடைய முயற்சியால் உருவானது. தொடங்கியவர் ஒரு செவிலியர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மனித மருத்துவமனையில் ஒரு செவிலியர் முதலில் செய்வது நோயாளியின் வெப்பத்தைப் பார்ப்பது, எடையைக் குறிப்பது, உட்கொண்ட நீரைக் கணக்கிடுவது, எல்லாவற்றையும் எழுதி வைப்பது. அந்த ஒழுங்கு பறவைக்கும் வந்தது. எது இறந்தது, எப்போது இறந்தது, அதற்கு முன் அதற்கு என்ன தரப்பட்டது என்று எழுதி வைத்தால்தான் தோல்வி பாடமாகும்.

அப்படிப் படிப்படியாக உருவான முறை இன்று ஏறத்தாழ இப்படி இருக்கிறது. வந்த பறவையை உடனே கழுவுவதில்லை. இருட்டும் வெதுவெதுப்பும் அமைதியும் உள்ள பெட்டியில் வைக்கிறார்கள். எடை பார்க்கிறார்கள். ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். பிறகு உப்புச்சத்துக் கலந்த இளஞ்சூடான நீரை மென்குழாய் வழியே இரைப்பைக்குச் செலுத்துகிறார்கள். வாயில் ஊற்றுவதில்லை. வாத்தின் மூச்சுத்துளை நாக்கின் அடியில் திறந்திருக்கிறது. அன்போடு ஊற்றும் ஒரு கரண்டி நீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். நீர் தங்கிய பிறகே கஞ்சிபோல் கரைத்த உணவு. அதுவும் செரித்த பிறகே அதனதன் இயல்பான இரை. ஸ்கோட்டர் சிப்பி தின்னும் வாத்து, முக்குளிப்பான் மீன் தின்னும் பறவை. ஓடும் மீனையே கண்டு பழகிய பறவைக்குத் தட்டில் கிடக்கும் மீன் உணவென்றே தெரியாது. வீட்டு வாத்தாயினும் காட்டு வாத்தாயினும் ரொட்டி அதற்கு வயிற்றை நிரப்பும், உடலைத் தேற்றாது. கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு நியாசின் என்னும் உயிர்ச்சத்து கூடுதலாகத் தேவை. கோழித்தீனி மட்டுமே தின்று வளரும் வாத்துக்குஞ்சின் கால்கள் வளைந்துபோவது இதனால்தான்.

ஒன்றிரண்டு நாள் கழித்து, உடல் தாங்கும் என்று தெரிந்த பின்னரே கழுவல். 40 பாகை அளவு சூடான நீர், அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு பாத்திரம் கழுவும் சோப்புநீர். ஒரு தொட்டி கறுத்ததும் அடுத்த தொட்டி. கண்ணைச் சுற்றி மென்மையான பல்துலக்கியால் தடவி எடுக்கிறார்கள். பிறகு அலசல். அழுத்தமாகப் பாயும் வெந்நீர்த் தாரையில், இறகின்மேல் நீர் முத்துமுத்தாக உருளும்வரை. நம் ஊர் நெல்வயலில் இறங்கி ஏறும் வாத்தின் முதுகில் நாம் பார்க்கும் அதே முத்து. அது உருண்டால்தான் வேலை முடிந்தது என்று பொருள்.

அந்தச் சோப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970களின் பிற்பகுதியில் பெர்க்லி மையத்தார் கடையில் கிடைக்கும் சோப்புகளைச் சோதித்துப் பார்த்து, 'டான்' என்ற சாதாரண பாத்திரச் சோப்பு சிறந்தது என்று கண்டனர். சருமத்துக்குத் தீங்கின்றி எண்ணெயை வெட்டுகிறது. அந்தச் சோப்பின் மூலப்பொருள்களிலும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை உண்டு. எண்ணெயில் மூழ்கிய பறவையை எண்ணெயிலிருந்து பிறந்த சோப்பால் கழுவுகிறோம். நம் காலத்தின் சிக்கலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

*

கற்ற பாடம் பலித்ததா என்பதற்கு ஒரு சான்று 2000ஆம் ஆண்டில் கிடைத்தது. அந்த ஆண்டு ஜூன் 23 அன்று ட்ரெஷர் என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் அருகே மூழ்கியது. ஏறத்தாழ 19,000 ஆப்பிரிக்கப் பென்குயின்கள் எண்ணெயில் நனைந்தன. எண்ணெய் படாத மேலும் 19,500 பென்குயின்களைப் பிடித்து ஏறத்தாழ 800 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். அவை நீந்தி வீடு திரும்புவதற்குள் கடலைச் சுத்தம் செய்துவிடலாம் என்பது கணக்கு. கணக்குத் தப்பவில்லை. எண்ணெய் படிந்தவற்றை ஒரு பெரிய கிடங்கில் அடைத்து, ஒவ்வொன்றின் அலகையும் கையால் திறந்து மத்தி மீன் ஊட்டினார்கள். ஊட்டியவர்களின் கையெல்லாம் கொத்துக் காயம். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பறவைகள் கடலுக்குத் திரும்பின. 1971இல் நூற்றுக்கு ஏழு, 2000இல் நூற்றுக்குத் தொண்ணூறு. பறவை வேறு, கடல் வேறு, எண்ணெய் வேறு என்பதை மறக்கலாகாது. ஆயினும் இடைப்பட்ட 29 ஆண்டுகளில் மனிதக் கை எதையோ கற்றிருக்கிறது.

இங்கேயே முடித்துவிட்டால் இது ஓர் இனிய கதையாகிவிடும். வரலாறு அவ்வளவு இனியதன்று. 1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதியபோது கண்டெடுக்கப்பட்ட பறவைச் சடலங்கள் மட்டுமே 35,000க்கு மேல். இறந்தவை ஏறத்தாழ 2,50,000 என்று மதிப்பிடப்பட்டது. உயிரோடு மீட்கப்பட்டவை சுமார் 1,600. அவற்றுள்ளும் பாதியளவே விடுவிக்கப்பட்டன. அக்கரையின் ஹார்லெக்வின் வாத்துகள் எண்ணெயின் பாதிப்பிலிருந்து விடுபட ஏறத்தாழ கால்நூற்றாண்டு ஆயிற்று. கழுவி விடுவிக்கப்பட்ட பறவைகளின் கால்வளையங்களைத் திரட்டி 1996இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் கசப்பானது. வட அமெரிக்காவில் கழுவி விடப்பட்ட கில்லமாட் என்னும் கடற்பறவைகளில் பல, கடலுக்குத் திரும்பிய சில நாள்களிலேயே இறந்திருக்கின்றன என்றது அது. இவ்வளவு பணமும் உழைப்பும் எதற்கு, வாழிடத்தைக் காக்கச் செலவிடலாமே என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஈரமற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது நேர்மையான கேள்வி.

எனினும் அந்தக் கேள்வியையும் பறவையைக் கழுவியவர்களே தங்கள் தொழிலுக்குள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் நான் சுட்ட விரும்புவது. விடுவித்த பறவையின் பின்னால் அலைவாங்கி பொருத்தித் தொடர்ந்து பார்த்தார்கள். எந்தப் பறவைக்கு நம்பிக்கை உண்டு, எதற்கு வலியின்றி விடைகொடுப்பதே கருணை என்று பிரிக்கக் கற்றார்கள். தன் இரக்கத்தின் விளைவைத் தானே கணக்குப் பார்க்கத் துணிவது எளிதன்று. கொடைமடத்தை விட்டு வெளியேறும் வாசல் அதுதான்.

*

இவையெல்லாம் எங்கோ நடந்த செய்திகள் அல்ல. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. அவற்றுள் ஒன்றின் பெயர் டான் காஞ்சிபுரம். பறவைகளைக் கழுவும் சோப்பின் பெயரும், எண்ணெய் கொட்டக் காரணமான மோதலில் இருந்த ஒரு கப்பலின் பெயரும் ஒன்றாய் அமைந்தது தற்செயல்தான், ஆயினும் மனம் அதில் சிக்கிக்கொள்கிறது. அன்று மீனவர்களும் மாணவர்களும் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். 1971இன் கடற்கரைக் காட்சியேதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் பரவியபோது, வெண்மையான கூழைக்கடாக்கள் நெஞ்சு கறுத்து நின்ற படங்களை நாம் பார்த்தோம். வனத்துறையினர் மீட்க முயன்றனர். இன்னும் பறக்க முடிந்த பறவைகளைப் பிடிப்பது எளிதாக இல்லை. பறக்கும்வரை அது மனிதனை நம்பாது, பறக்க முடியாமல் போகும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

அந்தப் படங்களைப் பார்த்த அன்று எனக்குப் பழைய மாணவனின் நினைவு வந்தது. அன்று வகுப்பில் சிரிப்பு அடங்கிய பிறகு நான் அவனிடமே திருப்பிக் கேட்டேன், உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று. அவன் சொன்னான்: "எங்க ஆயா கூடையில வச்சுச் சாக்கைப் போட்டு மூடிருவாங்க ஐயா. தண்ணியும் ஊறவச்ச நொய்யும் பக்கத்துல இருக்கும். நாங்க எட்டிப் பாக்கக்கூடாதுன்னு திட்டுவாங்க. நம்ம பாத்தா அது பயந்துக்கும், திங்காதுன்னு சொல்வாங்க."

இருட்டு, வெதுவெதுப்பு, அமைதி, அருகில் நீர், மனிதப் பார்வையின்மை. பெர்க்லியில் பல்லாண்டு எழுதித் திரட்டிய முதல் விதி எதுவோ அதையே எழுத்தறியாத ஒரு மூதாட்டி கூடைக்குள் வைத்திருந்தாள். காயம்பட்ட காட்டுப்பறவைக்கு நம் கை ஒரு கொல்விலங்கின் கை, நம் கொஞ்சல் அதற்குக் கொலைமிரட்டல் என்பதை அறிந்து, தன் ஆசையை அடக்கிக்கொண்டு விலகி நிற்பது இரக்கத்தின் கடினமான பாதி.

சபையில் சொல்லப்பட்ட தீர்ப்பு எனக்கு இப்போது சற்றுக் குறையுடையதாகத் தோன்றுகிறது. பறவை, எய்தவனுக்கு உரியதன்று என்பது சரி. காத்தவனுக்கு உரியதா? மீட்பு நிலையங்களில் தேறிய வாத்தின் பெட்டியை நீர்விளிம்பில் திறந்து வைத்துவிட்டுப் பின்வாங்கி நிற்பார்கள். அது திரும்பிப் பார்க்காமல் நீரில் இறங்கும். நன்றி சொல்லாது. முதுகில் நீர் முத்தாக உருளும். அவ்வளவுதான்.

அம்பை எடுத்த பிறகு அந்த அன்னம் என்ன தின்றது என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அதைக் கேட்டவனுக்கு அன்று நான் சிரித்திருக்கக் கூடாது.